ஆறு பம்பு இருக்கிற கிராமத்துப் பப்புக்குள் நுழையாதீர்கள்

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் நடைபயணம் போகிறவர்கள் எழுதி வைக்கும் பப் குறிப்புகளைப் படித்துப் படித்துக் கடுப்பாகிவிட்டது மக்களே. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. கருங்கல் சுவர், தாழ்வான மர உத்தரம், எரிகிற கணப்பு, அதன் பக்கத்தில் தூங்குகிற நாய், ஆறு வகை ரியல் ஏல், "கட்டாயம் போங்க". உத்தரத்தையும் நாயையும் குடிக்க முடியாது. ஆறு வகை என்பது எச்சரிக்கைப் பலகை. அதைப் போய் சிபாரிசு என்று எழுதுகிறார்களே, அவர்களைத் திட்டத்தான் இந்தப் பதிவு.

(குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதை அழுகும் சரக்கைப் பற்றிய கணக்குப் பாடமாகப் படிக்கலாம். நான் படிப்பதும் பி.காம். தான் :-) )

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சாதாரண கெக் பியரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடுகாட்டி ஈஸ்டை ஒழித்து, வாயு அழுத்தத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு பீப்பாய்க்குள் வருகிறது. பப்பின் நிலவறையில் மறுபடி ஒருமுறை நொதிக்கிறது. 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் அதைக் கைப்பம்பால் இழுத்து மேலே ஏற்றுகிறார்கள். வெதுவெதுப்பான செத்த பியர் என்று கிண்டல் செய்கிறவர்கள் கெட்டுப்போனதை மட்டுமே குடித்தவர்கள். 1971-ல் நாலு இளைஞர்கள் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கியிருக்காவிட்டால் பெரிய ஆலைகள் இந்த வகையையே ஒழித்துக் கட்டியிருக்கும்.

இப்போது கணக்கு. வழக்கமான பீப்பாய்க்குப் பெயர் ஃபிர்கின். 9 காலன், அதாவது 72 பைன்ட். பீப்பாயைத் திறந்து இழுக்க இழுக்க, இழுத்த அளவுக்குக் காற்று உள்ளே போகும். அங்கிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நன்றாக இருப்பது சுமார் மூன்று நாள். அதற்குப் பிறகு முதலில் சப்பென்று ஆகும், அப்புறம் வினிகர் வாசம் அடிக்கும். அரைத்த இட்லி மாவை வெளியே வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

72 பைன்ட், மூன்று நாள். அடி வண்டலைக் கழிக்காமல் பார்த்தாலும் ஒரு பம்புக்கு நாளைக்கு 24 பைன்ட் போக வேண்டும். ஆறு பம்பு என்றால் 144. நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, வெளியே மழை, அறுபது வீடு இருக்கிற கிராமம். யார் குடிப்பார்கள் அந்த 144 பைன்டை? நாயா?

ஆக, அந்த ஆறில் நாலு செத்திருக்கும். எந்த நாலு என்று உங்களுக்குத் தெரியாது. பப் முதலாளிக்குத் தெரியும், ஆனால் காசு போட்டு வாங்கிய சரக்கைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராது. பாதிப் பேர் ரியல் ஏலை ஒருமுறை குடித்துவிட்டு வாழ்நாள் முழுக்க லாகருக்கு ஓடிப்போவது இந்த அஞ்சாம் நாள் பைன்டால்தான். குடிப்பவர் குறையக் குறைய பீப்பாய் இன்னும் மெதுவாகக் காலியாகிறது, ஏல் இன்னும் மோசமாகிறது. காம்ரா காப்பாற்றிய பானத்தை இப்போது அதன் ரசிகர்களே கொன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆமாம், ரசிகர்கள்தான். குறிப்பேட்டில் டிக் அடித்துக்கொண்டு, போன முறை குடித்த ஏலை இந்த முறை பார்த்தால் முகம் சுளிக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. 2002-ல் பிரிட்டிஷ் அரசு சிறிய ஆலைகளுக்கு வரியைப் பாதியாகக் குறைத்தது. அதற்குப் பிறகு ஆலைகள் புற்றீசல் மாதிரி கிளம்பின. நல்லதுதான். ஆனால் ஆலை கூடின வேகத்தில் குடிக்கிற வாய்கள் கூடவில்லையே! கூடியது பம்புகள் மட்டும். நகரத்தில் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பப்பில் பத்து பம்பு இருக்கட்டும், கூட்டம் இருக்கிறது, தீர்ந்துவிடும். மலையடிவாரத்தில் அதையே எதிர்பார்ப்பது அநியாயம். வகை வேண்டும் என்றால் 36 பைன்ட் பிடிக்கிற பின் என்ற குட்டிப் பீப்பாய் இருக்கிறது. ஒரு ஃபிர்கின், ஒரு பின் என்று இரண்டே வகை வைத்திருக்கும் பப் முதலாளிக்கு நான் சலாம் போடுவேன்.

முதலாளிகளை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. பலர் உண்மையில் முதலாளியே கிடையாது, குத்தகைதாரர்கள். 2000 பப்புக்கு மேல் வைத்திருந்த ஆலைகள் அதற்கு மேல் இருப்பதில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விட வேண்டும் என்று 1989-ல் ஓர் ஆணை வந்தது. ஆலைகள் என்ன செய்தன? பப்புகளை மொத்தம் மொத்தமாகப் புதுக் கம்பெனிகளுக்கு விற்றன. அந்தக் கம்பெனிகள் பியர் காய்ச்சுவதில்லை, அதனால் ஆணை அவர்களைத் தொடாது. கட்டட வாடகையும் வாங்கினார்கள், பியரையும் தங்களிடமே, சந்தையை விடக் கூடுதல் விலைக்கு வாங்கச் சொன்னார்கள். ஏகபோகத்தை உடைக்கப் போய் இன்னொரு ஏகபோகத்தைப் பெற்றெடுத்த கதை. 500-க்கு மேல் இப்படிக் கட்டிப்போட்ட பப்புகள் வைத்திருக்கும் கம்பெனிகளிடம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன், சரக்கை வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்று குத்தகைதாரர் கேட்க வழி பிறந்தது 2016-ல்தான். கால் நூற்றாண்டு! இந்த நெருக்கடியில் இருக்கிறவர் அஞ்சாம் நாள் பீப்பாயைக் கொட்டவில்லை என்று எப்படித் திட்டுவது? (திட்டுகிறேன்தான், ஆனால் மெதுவாக.)

நடக்கிறவர்களுக்கு இதில் என்ன பங்கு என்றால், நிறையவே இருக்கிறது. 1967-ல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லிப் பிடிக்கும் சட்டம் வந்தது. சரியான சட்டம். அதோடு கிராமத்துப் பப்புக்குக் கார் ஏறி வந்து மூன்று பைன்ட் அடிக்கிறவர் போய்விட்டார். மிச்சம் இருப்பது உள்ளூர்க்காரரும், முதுகில் பை மாட்டிக்கொண்டு கால் சேற்றோடு வருகிற நாமும். அந்த நாம் ஆறு பேராகப் போய், ஆறு வகையிலும் அரை அரைப் பைன்ட் ருசி பார்த்துவிட்டுக் கிளம்பினால், எந்தப் பீப்பாயும் காலியாகாது. ஆறு பேரும் ஒரே ஏலில் இரண்டு பைன்ட் குடித்தால் ஆறில் ஒரு பங்கு பீப்பாய் போய்விடும். மாலையில் வருகிற உள்ளூர்க்காரருக்கு நல்ல ஏல் கிடைக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் நீலக் கோப்பைக் குறி இருக்கும் இடமெல்லாம் பப். ஆனால் அது மூடிக் கிடந்தாலும் காகிதத்தில் கோப்பை இருக்கும். திங்கள், செவ்வாய் கதவே திறக்காத பப்புகள் ஏராளம். அதனால் முதல் நாளே போன் போடுங்கள். எத்தனை ஏல் என்று கேட்காதீர்கள். எது வேகமாக ஓடுகிறது, இப்போதைய பீப்பாயை எப்போது திறந்தீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அங்கே போங்கள். எரிச்சலானால் தெர்மாஸ் டீயே மேல். கைப்பம்பைப் பார்த்து மட்டும் ஏமாறவும் கூடாது. 2024-ல் ஒரு பெரிய ஆலை கெக் பியரையே கைப்பம்பு வழியாக ஊற்ற ஏற்பாடு செய்ய, காம்ரா கொதித்தது. எனவே அதையும் கேட்டுவிடுங்கள்.

புகழை நம்பி வழியை வளைக்காதீர்கள். பென்னைன் வே பாதையில் 528 மீட்டர் உயரத்தில் டான் ஹில் விடுதி இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரமான பப். அந்த உயரத்துக்காகப் போகலாம், தப்பில்லை. உயரம் பீப்பாயைத் திறந்த தேதியைச் சொல்லாது, அவ்வளவுதான். அதைவிட எனக்கு ரிச்மண்ட் பக்கத்து ஹட்ஸ்வெல் கிராமத்து ஜார்ஜ் அண்ட் டிராகன்தான் முக்கியம். 2008-ல் மூடிக் கிடந்ததை ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி 2010-ல் திறந்தார்கள். உள்ளேயே குட்டி நூலகமும் கடையும் வைத்தார்கள். 2016-க்கான நாட்டின் சிறந்த பப் விருதைக் காம்ரா அதற்குத்தான் கொடுத்தது. குடிக்கிறவரே பங்குதாரர் என்றால் கெட்டுப்போன பீப்பாயை எவரிடம் தள்ளுவது?

கடைசியாக ஒன்று. வினிகர் வாசம் அடித்தால் குடித்துத் தொலைக்காதீர்கள். கவுன்டருக்கு எடுத்துப் போய், அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் "புளித்திருக்கிறது" என்று சொல்லி வையுங்கள். நல்ல பப்பில் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பம்பிலிருந்து ஊற்றித் தருவார்கள், அந்தப் பம்பின் பெயர்ச்சீட்டையும் திருப்பி வைத்துவிடுவார்கள். ரியல் ஏல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்கே பாடம் எடுத்தால், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடுத்த கிராமம் எப்படியும் நாலு மைல்தான்.