தலைவரைத் தேர்ந்தெடுப்பது நாம், தேதி குறிப்பது யார்?



எங்கள் தீவில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கச்சிமடம், பாம்பன் இரண்டும் ஊராட்சிகள். இங்கே இருப்பவர்கள் தங்கள் ஊராட்சித் தலைவரை நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே ரோட்டில் கிழக்கே போனால் ராமேஸ்வரம். அது நகராட்சி. 2022 பிப்ரவரியில் அங்கே இருப்பவர்கள் வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டுப் போட்டார்கள். தலைவரை அடுத்த மாதம் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள்.

ஒரே தீவு, ஒரே கடல், ஒரே குடிதண்ணீர்க் கவலை. ஆனால் ஓட்டுரிமை மட்டும் இரண்டு விதம்! ஏன்?

காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டு ஆயுளைக் கொடுத்தன. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டன. ஆனால் கிராம ஊராட்சித் தலைவரையும் மேயர், நகராட்சித் தலைவரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அந்த விருப்பம் எப்படியெல்லாம் மாறியது என்று பாருங்கள்.

சென்னை மேயர் பதவிக்கு 1996-இலும் 2001-இலும் நேரடித் தேர்தல். 2006-இல் மறைமுகம். 2011-இல் மறுபடி நேரடி. 2016-இல் மறைமுகம் என்று சட்டம் திருத்தினார்கள். 2018-இல் நேரடி என்று திருத்தினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். இதில் தி.மு.க., அ.தி.மு.க. என்ற பேதமே கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு அணியே விதியை மாற்றினால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

மறைமுகத் தேர்தலுக்கும் நியாயம் சொல்கிறார்கள். தலைவர் ஒரு கட்சி, பெரும்பான்மை கவுன்சிலர்கள் வேறு கட்சி என்றால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது என்கிறார்கள். காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு இது புரியும். ஒரு கம்பெனியில் பங்குதாரர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலாண்மை இயக்குநரை இயக்குநர் குழு நியமிக்கிறது. கம்பெனி நன்றாகத்தானே நடக்கிறது? நடக்கிறது. ஆனால் நிர்வாகம் பிடிக்கவில்லை என்றால் பங்குதாரர் பங்கை விற்றுவிட்டுப் போய்விடலாம். தங்கச்சிமடத்துக்காரர் தெருவையும் வீட்டையும் வலையையும் விற்றுவிட்டு எங்கே போவார்? வெளியே போக வழி இல்லாதவருக்கு ஓட்டு ஒன்றுதான் வழி. அதை நடுவில் ஆள் இல்லாமல் நேராகப் போடுவதுதான் முறை. அதுவும் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு.

சரி, நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் கிராம ஊராட்சித் தலைவரைக்கூட உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். இங்கே நம் தலைவருக்கு மக்களின் ஓட்டு நேராக இருக்கிறது, அதிகாரமோ கொஞ்சம்தான். காசோலையில் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர், மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கம் செய்யலாம். ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. டெல்லியிலிருந்து வரும் பணத்துக்கும் நிபந்தனை உண்டு. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் செலவு செய்ய முடிந்தது.

கடலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம், எல்லை, பிடிபட்ட படகு எல்லாமே சென்னை, டெல்லி, கொழும்பு விவகாரம். எங்கள் தலைவரிடம் மிஞ்சுவது தெருவிளக்கும் குழாயும் குப்பையும்தான். அந்த மிச்சத்தையாவது நாங்கள் தேர்ந்தெடுத்தவர் பார்க்க வேண்டாமா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நேரடியா மறைமுகமா என்ற சண்டையை விடப் பெரிய கேள்வி, தேர்தல் நடக்குமா என்பதுதான்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை இட ஒதுக்கீட்டுக் குறைபாடு காரணமாக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம்... எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்! மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. உடனே தேர்தல் வந்ததா? மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. சொல்லி என்ன பயன்?

இதே கதை எதிர்க்கரையிலும் நடந்தது. இலங்கையில் 1987-இன் 13-ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன. வட மாகாணத்துக்கு 2013 செப்டம்பரில்தான் முதல் தேர்தல். 2017-இல் தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018-இல் நாடாளுமன்றத்திலேயே தோற்றது. பழைய முறையும் போச்சு, புதிய முறையும் வரவில்லை. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்த பிறகு வருடக்கணக்கில் ஜனாதிபதி நியமித்த ஆளுநரே எல்லாம். தேர்தலை ரத்து செய்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். முறையைத் திருத்துகிறோம், எல்லையை வரைகிறோம் என்றுதான் சொன்னார்கள்.

அப்படியானால் மேலே இருக்கும் அரசு வலுவாகவே இருக்கக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்து ஆண்டு தலித் தலைவரை வர விடவில்லை. 2006-இல் அரசு முனைந்து நின்ற பிறகுதான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஊரே சேர்ந்து ஒருவரை அமுக்கும்போது மேலே ஒரு பலமான கை தேவைதான். அந்தக் கை ஓட்டுப்பெட்டிக்குக் காவல் நிற்க வேண்டும். பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டக்கூடாது.

என் யோசனைகள் மூன்று.

1. தேர்தல் முறையை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பொருந்தக்கூடாது, அதற்கும் அடுத்த தேர்தலுக்குத்தான் பொருந்த வேண்டும். தனக்கு லாபமா என்று கணக்குப் போட முடியாதபோதுதான் நியாயமான விதி பிறக்கும்.

2. வார்டு வரையறையும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில் இருக்க வேண்டும். காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே முடித்துவிட வேண்டும்.

3. தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடம் மட்டும் இருக்கக்கூடாது. கிராம சபைக்கோ நீதிமன்றத்துக்கோ அதில் கடைசி வார்த்தை வேண்டும்.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். நம்மை விடப் படித்தவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது அவரை அனுப்பியவருக்கு. நாம் தேர்ந்தெடுத்த தலைவர் மோசமாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் ஒருநாள் நம் வாசலுக்கு வந்து கும்பிட்டாக வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போடும் உரிமை யாருக்கும் இருக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி.

உங்கள் ஊரில் எப்படி? நகராட்சிக்காரர்களும் மாநகராட்சிக்காரர்களும் கட்டாயம் சொல்லுங்கள்.