ஜோயலும் வந்தியத்தேவனும்

அநிருத்தப் பிரமராயரின் அன்பில், லால்குடிக்குப் பக்கம்தான். எங்கள் வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ பேச்சு ஓயாது. அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’யை மட்டும் அம்மா பாதியில் மூடிவிட்டார். “இவன் என் வந்தியத்தேவன் இல்லை!”

போன வாரம் கல்லூரி மகனுக்கும் அதே கோபம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமின் முதல் பாகத்தில் (2013) பெரும்பாலும் நாம்தான் ஜோயல். இரண்டாம் பாகத்தில் (2020) ஆரம்பத்திலேயே ஜோயலைக் கொன்றுவிடுகிறார்கள். விளையாடாதவர்கள் மன்னிக்க! அதோடு விட்டார்களா? கொன்ற ஆபியாகவே ஏறக்குறைய பாதி ஆட்டத்தை ஆடவேண்டும். ‘துணிச்சல்’ என்கிறான் நண்பன். ‘துரோகம்’ என்கிறான் இவன். நாவலென்றால் மூடிவைக்கலாம். இங்கே எதிரிக்காக நம் விரலே பட்டனை அழுத்தவேண்டுமே!

“அந்தப் பெண்ணுக்கு என்ன கோபமாம்?” என்றார் அம்மா.

“முதல் பாகத்துல அவ அப்பாவை ஜோயல் கொன்னுட்டான், பாட்டி.”

“அப்போ பட்டனை அழுத்தினது யாருடா?”