இலவச ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது யார்?

வெளிநாட்டில் பொறியியல் படிக்கக் கல்லூரி தேடுவோருக்குக் கல்வி ஆலோசகர் ஒருவர் சென்ற இதழில் மூன்று அறிவுரைகளை அள்ளி வழங்கியிருந்தார். உலகத் தரவரிசையில் முதல் 200-க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஜெர்மனி என்றால் கட்டணமே கிடையாது. மற்றதை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும், அதுவும் இலவசமாக. முதலாவது அரைகுறை, இரண்டாவது பழங்கதை, மூன்றாவது வியாபாரம்.

தரவரிசைக்கு வருவோம். உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையான க்யூஎஸ் பட்டியலின் மதிப்பெண்ணில் 45 விழுக்காடு, பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்டு வாங்கிய அபிப்பிராயம். மெக்கட்ரானிக்ஸ் படிக்கப் போகும் பிள்ளைக்கு என்னென்ன பாடம், எந்த ஆய்வகம் என்பதை அது சொல்லாது. சொல்லும் ஆவணம் வேறு. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் ‘மாடூல்ஹாண்ட்புக்’ என்ற கையேட்டை வெளியிடுகின்றன. பாடத்துக்கு எத்தனை கிரெடிட், தேர்வு எழுத்திலா வாய்மொழியிலா, வகுப்பு எந்த மொழியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலவழி என்று விளம்பரப்படுத்தும் படிப்பில் சில விருப்பப் பாடங்கள் ஜெர்மனில் மட்டுமே நடப்பது அதைப் புரட்டினால்தான் தெரியும். ஆலோசகர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

‘கட்டணமே இல்லாத ஜெர்மனி’யா? கார்ல்ஸ்ரூவும் ஸ்டுட்கார்ட்டும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்வோரிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகங்கள் இன்னும் நிறைய உண்டு. ஆனால் அங்கே போகவும் வாழ்க்கைச் செலவுக்கென்று முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்டினால்தான் பொதுவாக விசா. பிறகு மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும் பணம்தான். முதலில் புரட்ட வேண்டியவர் அப்பா.

இனி அந்த ‘இலவசம்’. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்சிக்குக் கமிஷனாகக் கொடுக்கின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழக்கமில்லை. தனியார் கல்லூரிகள் கொடுக்கின்றன. பிறகென்ன, அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கக்கூடிய மாணவனுக்கும் “சார், சீட் கன்ஃபர்ம், ஒரே வாரத்தில் ஆஃபர் லெட்டர்” என்று தனியார் கல்லூரியைக் காட்டுவார்கள். அங்கே கட்டணம் கட்ட வாங்கும் கல்விக் கடன் ஏழரை லட்ச ரூபாயைத் தாண்டினால் வங்கி பொதுவாகப் பிணை கேட்கும். வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இந்த இலவசச் சேவை.

விண்ணப்ப வேலை சிக்கலானது என்கிறார் ஆலோசகர். உண்மைதான், ஆனால் மாணவனால் முடியாததல்ல. கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழை அவனே வாங்கலாம். பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக அவனே விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30. சந்தேகம் கேட்க ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, சென்னையிலேயே தகவல் மையம் வைத்திருக்கிறது. அந்நிய மண்ணில் தனியே படிக்கப் போகிறவனுக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாது என்று சொல்வது அவனை அவமதிப்பது.

ஆலோசகருக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த கட்டுரையின் அடியில், எந்தெந்தக் கல்லூரி உங்களுக்குத் தலைக்கு எவ்வளவு தருகிறது என்று அச்சிடுங்கள். பெற்றோர் முதலில் படிக்க வேண்டிய தரவரிசை அதுதான்.