மார்த்தாவின் இல்லத்தில் மலரும் அமைதி

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஞாயிறு திருப்பலி நிறைவெய்தியபின் கோவில் முற்றத்தில் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அன்றைய நற்செய்தி வாசகம், லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இடம்பெறும் மார்த்தா, மரியா சகோதரிகளைப் பற்றியதாகும். வீட்டு வேலைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, மரியாவைப் போன்று ஆண்டவரின் பாதத்தில் அமருங்கள் என்று மறையுரையில் நான் தாய்மாரை வலியுறுத்தியிருந்தேன். அந்தத் தாய் சற்றுத் தயங்கி, மெதுவாகக் கேட்டார்: "பாதர், மரியாவும் எழும்பி ஒரு கை குடுத்திருந்தா, இரண்டு பேருமே ஆண்டவருக்குப் பக்கத்தில இருந்திருக்கலாம் தானே?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, தாமும் வேலைக்குச் சென்று திரும்பி, இரவில் அனைவரும் உறங்கிய பின்னரே தலைசாய்க்கின்ற தாய் அவர். அவருக்கு மறையுரை வழியாக நான் வழங்கியது ஆறுதல் அன்று. ஏற்கனவே சுமந்த சுமைகளோடு இன்னுமொரு சுமையையே நான் ஏற்றிவைத்திருந்தேன். வேலையும் உன்னுடையது, செபமும் உன்னுடையது, இரண்டில் எது குறைந்தாலும் குற்றமும் உன்னுடையது என்று சொல்வது நற்செய்தி ஆகுமா?

அன்பார்ந்த குடும்பங்களே, இல்லத்தில் அமைதி வேண்டும், விசுவாசம் தழைக்க வேண்டும், மகிழ்ச்சி நிலைக்க வேண்டும் என்று நாம் அனைவரும் விரும்புகின்றோம். ஆயினும் ஒருவரின் களைப்பின்மீது கட்டப்படும் அமைதி நிலைத்து நிற்பதில்லை. சுமையும் செபமும் ஒருங்கே பகிரப்படும் இல்லத்திலேயே ஆண்டவரின் அமைதி குடிகொள்கின்றது. பெத்தானியா வீட்டை மீண்டும் மீண்டும் தியானித்ததில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

மார்த்தாவின் கதை லூக்கா நற்செய்தியோடு முடிந்துவிடுவதில்லை. யோவான் நற்செய்தியின் 11ஆம், 12ஆம் அதிகாரங்களிலும் அவரை நாம் சந்திக்கின்றோம். இரு நற்செய்தியாளர்களும் தத்தம் நோக்கில் எழுதினர் என்பது உண்மையே. எனினும் இம்மூன்று காட்சிகளையும் தொடர்ந்து வாசிக்கும்போது, ஒரு குடும்பம் பரபரப்பிலிருந்து விசுவாசத்துக்கும், விசுவாசத்திலிருந்து மகிழ்ச்சிக்கும் நடந்துசெல்லும் பாதை நம் கண்முன் விரிகின்றது.

முதலாவது காட்சியில் ஆண்டவர் மார்த்தாவின் பணியைக் கண்டிக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவரது பணியைக் குறிக்க லூக்கா பயன்படுத்துவது 'தியாக்கோனியா' என்னும் கிரேக்கச் சொல்லாகும். திருச்சபையில் திருத்தொண்டர்களுக்குரிய பெயர் பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். அடுப்படியில் நிகழ்வதும் திருத்தொண்டே. அவ்வாறாயின் தவறு எங்கே நேர்ந்தது? மார்த்தாவின் உள்ளத்தை அலைக்கழித்த கவலையையும் கலக்கத்தையுமே இயேசு சுட்டிக்காட்டுகின்றார். சகோதரியிடம் நேரே கூறவேண்டியதை அவர் விருந்தினரிடம் முறையிடுகின்றார். விருந்தினருக்கே அக்கறை இல்லையோ என்று கேட்கும் அளவுக்கு அவரது மனம் கசந்துபோயிருக்கின்றது.

இது நமக்குப் புதிதன்று. கணவரிடம் கூறவேண்டிய களைப்பை அயல்வீட்டாரிடமும், மனைவியிடம் பேசவேண்டிய வருத்தத்தை நண்பர்களிடமும், பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய ஏமாற்றத்தை வெளிநாட்டு உறவினரிடம் தொலைபேசியிலும் நாம் கொட்டித்தீர்க்கின்றோம். வீட்டுக்குள்ளோ பாத்திரங்கள் மட்டும் சத்தமிடுகின்றன. ஆண்டவர் மார்த்தாவை இருமுறை பெயர்சொல்லி அழைக்கின்றார். ஆபிரகாமையும் மோசேயையும் சாமுவேலையும் கடவுள் இவ்வாறே அழைத்தார் என விவிலியம் கூறுகின்றது. இது அதட்டலன்று, அன்பு நிறைந்த அழைப்பு. மரியா தேர்ந்துகொண்ட நல்ல பங்கு மார்த்தாவுக்கும் உரியதே. அதனை அவர் அடைய வேண்டுமாயின், வீட்டிலுள்ள ஏனையோர் அவருக்கு வழிவிட வேண்டும். இக்காட்சியில் சகோதரர் இலாசரைப் பற்றி லூக்கா ஒரு சொல்தானும் கூறவில்லை. நம்முடைய பல வீடுகளிலும், வேலை நடக்கும் வேளையில் இலாசர்கள் எங்கிருக்கின்றனர் என்று தெரிவதில்லை அன்றோ!

இங்கு மற்றொன்றையும் நான் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். அமைதி வேறு, அச்சத்தால் விளையும் மௌனம் வேறு. குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சிப் பிள்ளைகள் மூலையில் ஒடுங்கியிருக்கும் வீடு, அடிக்குப் பயந்து மனைவி வாய்திறவாத வீடு, வெளியே எவ்வளவு அடக்கமாகத் தோன்றினாலும் அமைதியான வீடு அன்று. பொறுமை என்னும் புண்ணியத்தின் பெயரால் அத்தகைய மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுமாறு எவரிடமும் கேட்க எமக்கு உரிமையில்லை. அவ்வாறு துன்புறுவோர் நம்பத்தகுந்த ஒருவரிடம் பேசுவதும், பாதுகாப்பைத் தேடுவதும் பாவமன்று. அதுவே அமைதிக்கான முதற்படியாகவும் அமையலாம்.

இரண்டாவது காட்சி சாவீட்டில் நிகழ்கின்றது. இலாசர் இறந்து நான்கு நாட்களாகிவிட்டன. ஆண்டவர் வருகின்றார் எனக் கேள்வியுற்றதும் எதிர்கொண்டு ஓடுபவர் மார்த்தாவே. நீர் இங்கு இருந்திருந்தால் இச்சாவு நேர்ந்திராதே என்று தம் மனத்தாங்கலை அவர் மறைக்காமல் கூறுகின்றார். முன்னர் சகோதரியைப் பற்றி ஆண்டவரிடம் முறையிட்டவர், இப்போது ஆண்டவரைப் பற்றியே ஆண்டவரிடம் முறையிடுகின்றார். அந்த முறையீடு செபமாக மாறுகின்றது. கண்ணீர் காயும் முன்னரே, இயேசுவே மெசியா, இறைமகன் என அவர் அறிக்கையிடுகின்றார். பேதுருவின் அறிக்கைக்கு நிகரான இந்த விசுவாச அறிக்கை, இழவு வீட்டிலிருந்து எழுந்து வந்த ஒரு குடும்பப் பெண்ணின் வாயிலிருந்து பிறந்ததாகும்.

நமது மண்ணில் நான்கு நாட்களல்ல, பல ஆண்டுகளாக ஆறாத துயரைச் சுமக்கும் இல்லங்கள் எத்தனை! 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போர், 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகள் என்பன விட்டுச்சென்ற வெற்றிடங்கள் இன்னும் நம் வீடுகளில் உள்ளன. திரும்பி வராத மகனின் படத்துக்கு முன்னால் அமர்ந்திருக்கும் தாயும், மத்திய கிழக்கு நாட்டில் பணிபுரியும் அன்னையின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு வளரும் பிள்ளையும் நம் நடுவிலே வாழ்கின்றனர். இவர்களிடம் அழாதீர்கள், விசுவாசம் கொள்ளுங்கள் என்று கூறுவது எளிது. ஆனால் ஆண்டவர் மார்த்தாவிடம் அவ்வாறு கூறவில்லை. இலாசரின் கல்லறைக்குச் செல்லும் வழியில் அவரும் கண்ணீர் விட்டார். குடும்பச் செபத்தில் அழுகைக்கும் இடமுண்டு. ஆண்டவரே, நீர் எங்கே இருந்தீர் என்னும் கேள்விக்கும் இடமுண்டு. அவரிடமே கேட்கப்படும்வரை அக்கேள்வியும் விசுவாசமே.

மூன்றாவது காட்சி யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. பாஸ்கா விழாவுக்கு ஆறு நாட்களுக்கு முன்னர், பெத்தானியாவில் ஆண்டவருக்கு விருந்து அளிக்கின்றனர். மார்த்தா என்ன செய்தார் என்பதை யோவான் மிகச் சுருக்கமாகவே குறிப்பிடுகின்றார்: அவர் உணவு பரிமாறினார். அதே கைகள், அதே பணி. ஆயினும் இம்முறை முறையீடு எதுவும் இல்லை. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தால் ஆண்டவரின் பாதங்களைப் பூசியபோது குறைகூறியவன் யூதாசு, மார்த்தா அன்று. அந்த நறுமணம் வீடு முழுவதையும் நிரப்பியது என நற்செய்தி கூறுகின்றது. வீடு முழுவதும் என்றால் அடுப்படியையும் சேர்த்துத்தானே! ஆண்டவர் மார்த்தாவை அடுப்படியிலிருந்து அகற்றவில்லை. அடுப்படிக்குள்ளும் நறுமணத்தை வரச்செய்தார்.

அந்த மகிழ்ச்சி துன்பமற்ற வீட்டில் மலர்ந்ததன்று. இயேசுவைக் கொல்லத் தலைமைக் குருக்கள் ஏற்கனவே தீர்மானித்திருந்தனர்; இலாசரையும் கொல்ல அவர்கள் ஆலோசித்தனர். ஆபத்து வாசலில் நின்ற வேளையில்தான் அந்த வீடு விருந்து கொண்டாடியது. பிரச்சினைகள் அனைத்தும் தீர்ந்த பின்னர், கடன் முடிந்த பின்னர், பிள்ளைகள் சித்தியடைந்த பின்னர் மகிழ்ச்சியாக இருப்போம் என்று நாளைக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பெத்தானியா கூறும் பாடம் இதுவாகும்.

நமது முன்னோர் இப்பாடத்தை நன்கு அறிந்திருந்தனர். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது; குருக்கள் வெளியேற்றப்பட்டனர். புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வரும்வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்தவராக வீடு வீடாக யாசித்துச் சென்று, அதனை அடையாளங் கண்டுகொண்டோர் வழியாகக் கத்தோலிக்கரை இனங்கண்டார் என அவரது வரலாறு கூறுகின்றது. 29 ஆண்டுகளாகச் செபமாலையை மறவாமல் காத்தது எது? ஆலயங்கள் பறிபோயிருந்தன, மறைக்கல்வி வகுப்புகள் இருக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தது வீடே. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயர் அறியப்படாத அந்த வீடுகளும் அவரோடு சேர்ந்து மகிமை பெற்றன என்றே நான் கருதுகின்றேன்.

அன்று ஒல்லாந்தரால் பறிக்க முடியாத குடும்பச் செபத்தை, இன்று எவரும் பறிக்காமலேயே நாம் கைவிட்டு வருகின்றோம். தந்தை செய்தி பார்க்கின்றார். பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து வந்ததும் கையடக்கத் தொலைபேசியில் மூழ்குகின்றனர். அம்மம்மா மட்டும் தனியே செபமாலை சொல்கின்றார். தாயோ அடுப்படியிலிருந்தே மறுமொழி கூறுகின்றார். இதற்குக் குடும்பங்களை மட்டும் குறைகூறுவதும் நீதியாகாது. பங்குக் கூட்டங்கள், சங்கக் கூட்டங்கள், விழா ஆயத்தங்கள் என மாலை வேளைகளையெல்லாம் நிரப்பிவிட்டு, வீட்டில் சேர்ந்து செபியுங்கள் என்று போதிக்கும் குருக்களாகிய நாமும் நம்மையே ஆராய்ந்துபார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு சிறிய முயற்சியை முன்வைக்க விரும்புகின்றேன். இரவுணவுக்கு முந்திய அரைமணி நேரத்தை முழுக் குடும்பத்துக்கும் உரியதாக்குங்கள். தொலைபேசிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஒருவர் தேங்காய் துருவட்டும், ஒருவர் பாத்திரம் கழுவட்டும், ஒருவர் வீட்டைக் கூட்டட்டும். ஆண்மகனுக்கு இது இழுக்கு என எண்ணுவோர் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை வாசிப்பார்களாக. இரவு முழுவதும் உழைத்துக் களைத்த சீடர்களுக்காகத் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தவர் உயிர்த்த ஆண்டவரே அன்றோ!

வேலை முடிந்ததும் அனைவரும் ஒன்றாக அமருங்கள். முழுச் செபமாலை இயலாத நாளில் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள். அன்றைய நாளின் ஒரு நன்மைக்காக ஒவ்வொருவரும் வாய்விட்டு நன்றி கூறுங்கள். 'செய்யலாமா', 'நன்றி', 'மன்னியுங்கள்' என்னும் பொருள்படும் மூன்று சொற்களைக் குடும்பங்களுக்கு இன்றியமையாதவையாகத் திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை வலியுறுத்தினார்; குடும்ப அன்பைப் பற்றி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஊக்கவுரையிலும் அவற்றை எடுத்துரைத்தார். பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் அவர்களின் மதிப்புக் குறைவதில்லை. மன்னிப்பு என்றால் என்னவென்று பிள்ளை முதன்முதலாகக் கற்பது அந்த வேளையிலேதான்.

முன்னர் ஜூலை 29ஆம் திகதியைத் திருச்சபை புனித மார்த்தாவின் நினைவு நாளாக மட்டும் கொண்டாடியது. 2021ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாளை மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரின் நினைவு நாளாக மாற்றியமைத்தார். பரிமாறியவரும், பாதத்தில் அமர்ந்தவரும், இறந்து உயிர்பெற்றவரும் இன்று ஒரே நாளில் நினைவுகூரப்படுகின்றனர். ஒரு முழு வீடே திருநாள் காண்கின்றது.

அன்று கோவில் முற்றத்தில் கேட்ட அந்தத் தாய்க்கு, காலம் தாழ்த்தியேனும் என் மறுமொழி இதுவே: ஆம் அம்மா, நீங்கள் கேட்டது சரி. உங்களுக்கு ஒரு கை கொடுக்கப்பட வேண்டும். பின்னர் நீங்கள் அனைவரும் சேர்ந்தே அவருடைய பாதத்தில் அமர வேண்டும். ஆண்டவர் பெத்தானியாவுக்கு வந்தது ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதற்காகவன்று. அவ்வீட்டார் அனைவரோடும் பந்தியமர்வதற்காகவே.

இன்று மாலை உங்கள் இல்லத்திலும் அவர் பந்தியமர்வாராக. அவருடைய அமைதி உங்கள் அடுப்படிவரை வந்து நிறைவதாக.