வாலை மறந்தவரும் வரலாற்றை மறந்தவர்களும்

இராயபுரத்தில் நடைபெற்ற மீலாது விழா ஒன்றில் பேசிய அன்பர் ஒருவர், “ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விமானம் கண்டவர் ஒரு முஸ்லிம்! குர்துபா நகரத்து அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பத்து நிமிடம் வானில் பறந்தார்!” என்று முழங்கினார். கரவொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. நானும் கை தட்டியவர்களில் ஒருவன்தான். வீடு திரும்பும் வழியில் பன்னிரண்டு வயதுப் பேரன் ஒன்றே ஒன்று கேட்டான்: “எப்படி இறங்கினார்?”

மேடையில் முழங்கியவர் அதைச் சொல்லவில்லை. கை தட்டிய நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றில் உயிர்நாடியான இடமே அதுதான்!

அவர் எளிய மனிதர் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூஸை ஆண்ட உமையாக்களின் அவையில் கவிஞராக விளங்கியவர், பெர்பர் குலத்தவர், 887இல் மறைந்தவர். கல்லை உருக்கிக் கண்ணாடி செய்யும் முறையைக் கண்டார். நீர்க் கடிகாரம் அமைத்தார். தம் வீட்டிலேயே விண்மீனும் மேகமும் மின்னலும் இடியும் தோன்றும் வான மண்டபம் ஒன்றை உருவாக்கிப் பார்ப்போரை மலைக்க வைத்தார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீலின் நூல் அந்நாட்டிற்கு வந்தபோது, அதன் புதிரை முதலில் அவிழ்த்தவரும் இவரே என்பர். இவற்றையெல்லாம் மேடையில் எவரும் சொல்வதில்லை. யாப்பிற்குக் கரவொலி கிடைக்காதன்றோ?

அவர் பறந்த செய்திக்கு இன்று பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, 1632இல் மறைந்த அல்-மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளிலிருந்து திரட்டிய அந்தலூஸ் வரலாறு. அதில் உள்ளது சில வரிகளே. உடலெங்கும் இறகுகளைப் போர்த்து, இரு சிறகுகளைப் பூட்டிக்கொண்டு அவர் காற்றில் நெடுந்தொலைவு சென்றார். இறங்கும்போது தடுமாறி முதுகுப்புறம் அடிபட்டார். பறவை தன் வாலை ஊன்றியே இறங்குகிறது என்பதை அறியாமல், அவர் வால் அமைத்துக் கொள்ளவில்லை. அவ்வளவுதான்! பத்து நிமிடம் அங்கே இல்லை. விமானமும் இல்லை.

அவர் காலத்திலேயே வாழ்ந்து அவரோடு மாறுபட்டு நின்ற முஃமின் இப்னு ஸயீத் என்னும் கவிஞர், இறகு பூண்டு பறந்த அந்த முயற்சியை எள்ளி நகையாடிப் பாடியிருக்கிறார். என் கருத்தில் இந்த நையாண்டியே வலுவான சான்று. புகழ்பவன் மிகைப்படுத்தலாம், நடவாத ஒன்றைச் சொல்லிப் பகைவன் கேலி செய்வானா? இதை விட்டுவிட்டு, ‘அர்மன் ஃபிர்மன்’ என்றொருவர் 852இல் கோபுரத்திலிருந்து குதித்தார் என்றும், அதைக் கண்டே இப்னு ஃபிர்னாஸ் ஊக்கம் பெற்றார் என்றும் துண்டுப் பிரசுரங்களில் அச்சிடுகிறோம். அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்ற பெயரே மேலை நாட்டார் நாவில் திரிந்து அர்மன் ஃபிர்மன் ஆகியிருக்க வேண்டும் என்பதே ஆய்ந்தோர் பலரின் கணிப்பு. ஒரு மனிதரை இருவராக்கிப் பெருமையை இரட்டிப்பாக்கிக் கொண்டோம்!

இன்னாரிடம் இன்னார் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்த ஹதீஸ் கலையைப் பேணி வளர்த்தவர்கள் நம் முன்னோர். அந்த மரபில் வந்த நாம், எவர் எழுதினார் என்றே தெரியாத தாளை நம்பி முழங்கலாமா?

மறுநாள் பேரனைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு அழைத்துச் சென்றேன். ஏலக் கூச்சலுக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டுக் கொண்டிருந்தன. ஒன்று பாய்மரத்தை நெருங்கியதும் உடலை நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்துக் கீழ்நோக்கி வளைத்தது. வேகம் முழுதும் அடங்கியது. கால்கள் மெல்லப் பற்றின. “இதைத்தான் அவர் மறந்தார்” என்றேன். அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது. வடசென்னை மாடிகளில் காற்றாடி விட்டு வளரும் பிள்ளைக்கு வாலின் அருமையைப் பாடம் நடத்த வேண்டுமா என்ன? (மாஞ்சா நூலைச் சொல்லவில்லை. கழுத்தறுக்கும் அந்தக் கொடுமை ஒழியட்டும்.)

இங்கிலாந்தில் மாம்ஸ்பரி மடத்துத் துறவி ஐல்மர், பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறகு கட்டிக் கோபுரத்திலிருந்து பாய்ந்தார். ஏறத்தாழ 200 மீட்டர் சென்று விழுந்து இரு கால்களும் முறிந்தார். தாம் வால் பொருத்த மறந்ததே காரணம் என்று அவரே சொன்னாராம். அவருடைய ஊரார் அந்த முறிந்த கால்களை மறைக்கவில்லை. பிற்காலத்தில் ஜார்ஜ் கேலி 1804இல் ஒரு கோலின் மேல் காற்றாடியைச் சிறகாக வைத்து, பின்னே அசையும் வாலையும் பொருத்தி மிதக்கவிட்டார். ஜெர்மானியர் லிலியந்தால் ஏறத்தாழ 2,000 முறை மலைச்சரிவுகளிலிருந்து மிதந்து இறங்கி, 1896இல் விழுந்து உயிர் நீத்தார். அவருடைய கணக்குகளைப் படித்து, அவற்றில் ஐயங்கொண்டு, தாமே மீண்டும் அளந்து பார்த்த பின்னரே ரைட் சகோதரர்கள் 1903இல் எழுந்தார்கள்.

நம் மதரஸாக்கள் அறிந்த ‘அஸ்-ஸிஹாஹ்’ அகராதியின் ஆசிரியர் அல்-ஜவ்ஹரீயும் பறக்க முயன்றவரே. 1000ஆம் ஆண்டையொட்டி நைஸாபூரில், கதவின் இரு பலகைகளைக் கயிற்றால் உடலில் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் கூரையிலிருந்து பாய்ந்து மாண்டார் என்கிறது அவர் வரலாறு. இவரை எந்த மேடையிலும் காணோம். மடிந்தவரால் நமக்கென்ன பெருமை என்ற எண்ணம் போலும்!

‘வைமானிக சாஸ்திரம்’ பண்டை முனிவர் அருளிய விமான நூல் என்று பிறர் சொன்னால் நாம் நகைக்கிறோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் அதை ஆராய்ந்து, அது 1904க்கு முந்தியதன்று, அதில் கூறும் ஊர்திகள் பறக்கத் தக்கவையுமல்ல என்று 1974இல் எழுதினார்கள். அந்த உரைகல்லில் நம் பத்து நிமிடத்தை உரைத்தால் என்ன ஆகும்?

“நம் வரலாற்றை மறைக்கவும் திரிக்கவும் பலர் முனைந்திருக்கும் வேளையில், நம்மவரே குறை காண்பதா?” என்று சிலர் சினப்பர். அந்த வேதனை எனக்கும் உண்டு. மறைப்பவர்களுக்கு வாய்ப்பளிப்பதே இந்தப் பத்து நிமிடந்தான் என்பேன். அதை ஒருவன் பொய்யென்று காட்டிவிட்டால், கண்ணாடியும் கடிகாரமும் வான மண்டபமும் சேர்ந்தே பொய்யாகிவிடும். அவையில் கேட்ட சிறுவன் அப்புறம் நம்முடைய எந்தச் சொல்லை நம்புவான்?

அடுத்த ஆண்டும் அதே மேடையில் இப்னு ஃபிர்னாஸ் வரட்டும். விழாக் குழுவினரிடம் ஒன்றே கேட்கிறேன்: அல்-மக்கரீ எழுதியதை ஆலிம் ஒருவரைக் கொண்டு தமிழில் பெயர்த்து, அவர் விழுந்த வரியையும் விடாமல், முழுமையாக வாசிக்கச் செய்யுங்கள். ஐந்து நிமிடங்கூட ஆகாது.