தொட்டித் தண்ணீர் காட்டைக் காக்காது

ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தப் படம் நாளிதழில் வந்துவிடுகிறது. டேங்கர் லாரியின் குழாயிலிருந்து சிமென்ட் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். வன விலங்குகளின் தாகம் தீர்க்க ஏற்பாடு என்று செய்தி. படிக்கிறவர்களின் மனம் நிறைகிறது. அடுத்த ஆண்டு நம் பங்காகவும் ஒரு தொட்டி கட்டுவோம் என்று நல்லவர்கள் கிளம்புகிறார்கள்.

அவர்களுடைய இரக்கத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அந்த இரக்கத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கையோடுதான் என் சண்டை. வறட்சியில் காட்டு விலங்கைக் கொல்வது தாகம், தண்ணீர் வைத்தால் அது பிழைத்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. அது தவறு. வறட்சியில் பெருங்கூட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் பசி.

கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1970-71 வறட்சியில் அங்கே ஏறத்தாழ 6,000 யானைகள் செத்தன. அவை தண்ணீர் இல்லாத பொட்டலில் விழுந்து கிடக்கவில்லை. வற்றாத நீர் இருந்த இடங்களை ஒட்டித்தான் செத்தன. செத்தவற்றில் பெரும்பகுதி பெண் யானைகளும் கன்றுகளும். காரணத்தை யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. ஒற்றை ஆண் யானை நெடுந்தூரம் நடந்து மேய்ந்துவிட்டு, தாகம் எடுத்தால் திரும்பி வரும். கன்று வைத்திருக்கும் தாயால் அது முடியாது. கன்றால் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவுதான் அவள் உலகம். தண்ணீரைச் சுற்றி முதல் வாரம் அரை மைலில் கிடைத்த தழை அடுத்த வாரம் ஒரு மைலுக்குப் போய்விடும், அதற்கடுத்து இரண்டு மைலுக்கு. ஒரு நாள் அந்தத் தூரம் கன்றின் கால்களுக்கு எட்டாமல் போகும். தாய் கன்றை விட்டுப் போக மாட்டாள். வயிறு காய்ந்து, தண்ணீர்க் கரையிலேயே இருவரும் சாய்வார்கள்.

இது ஆற்றங்கரையில் நடந்தது, தொட்டியில் அல்லவே என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் க்ளாசெரியைப் பாருங்கள். க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காடு அது. அங்கே குட்டைகளும் அணைகளும் மிக நெருக்கமாக அமைந்திருந்தன. எந்த விலங்கும் தண்ணீருக்காக அலைய வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். 1982-83 வறட்சி வந்தபோது அங்கே மேயும் விலங்குகள் பட்டினியால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பக்கத்து க்ரூகரிலும் ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன, ஆனால் தூரம் தூரமாக. அதே வறட்சியில் அங்கே சாவு வெகு குறைவு. பிரையன் வாக்கர், நார்மன் ஓவன்-ஸ்மித் முதலிய நால்வர் 1987-இல் இந்த இடங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். அவர்கள் கண்ட காரணம் எந்தக் கரிசல்காட்டு விவசாயிக்கும் புரியும். தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் புல், கெட்ட காலத்துக்கான சேமிப்பு. சாதாரண ஆண்டில் வாய் படாமல் நிற்கும் அந்தப் புல்தான் மழை பொய்த்த ஆண்டில் உயிர் காக்கும். எல்லா மூலையிலும் தண்ணீர் வைத்துவிட்டால் எல்லா மூலையும் ஆண்டுதோறும் மேயப்பட்டுவிடும். நல்ல காலத்திலேயே விதைநெல்லைக் குத்தித் தின்ற குடும்பத்துக்குப் பஞ்சத்தில் என்ன மிஞ்சும்?

க்ரூகரும் இந்தத் தவறுக்கு விலை கொடுத்தது. அதன் வடபகுதிச் சமவெளியில் ரோன் இரலை என்ற பெரிய மான் வாழ்ந்தது. உயரமான புல்லில் கன்றை ஒளித்து வைத்து வளர்க்கும் இனம். அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் விட்டதும், முன்பு அவ்வளவாக வராத வரிக்குதிரைகள் கூட்டமாக வந்து தங்கின. புல் குட்டையானது. வரிக்குதிரைகளைத் தேடிச் சிங்கங்கள் வந்தன. வந்த சிங்கங்கள் ரோனையும் அடித்தன. 1986-இல் ஏறத்தாழ 450 ஆக இருந்த ரோன் 1993-இல் 45 ஆனது. 1994-இல் அந்தப் பகுதியில் பல கிணறுகளை மூடினார்கள். வரிக்குதிரைகள் குறைந்தன, ரோன் உடனே மீளவில்லை. அரிதான விலங்குக்கு உதவும் என்று நினைத்து ஊற்றிய தண்ணீர் அதையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது.

காட்டில் எந்த விலங்கின் எண்ணிக்கையையும் ஏதோ ஒரு பற்றாக்குறை பிடித்து நிறுத்துகிறது. சில இடத்தில் தண்ணீர், சில இடத்தில் புல், சில இடத்தில் குட்டி போட மறைவிடம். ஒன்றைத் தளர்த்தினால் எண்ணிக்கை ஏறும், ஏறிப்போய் அடுத்த பற்றாக்குறையில் முட்டும். நாம் தண்ணீரைத்தான் கூட்டுகிறோம், புல்லைக் கூட்டுவதில்லை. மழை நன்றாகப் பெய்த நாலைந்து ஆண்டுகளில் குட்டிகள் பிழைத்து மந்தை பெருகும். தொட்டியால் பெருகியது என்று மகிழ்வோம். ஆறாவது ஆண்டு மழை பொய்க்கும்போது, முன்பைவிடக் கூடுதல் வாய்கள் முன்பைவிடக் குறைந்த புல்லுக்கு முன் நிற்கும்.

நீலகிரியின் மழை மறைவுப் பக்கமான சீகூரில், ஒரு ஏப்ரல் பிற்பகலில் இப்படி ஒரு தொட்டி அருகே நின்றிருக்கிறேன். தொட்டி நிறையத் தண்ணீர். சுற்றிலும் தரை களத்துமேடு போல இறுகிக் கிடந்தது, ஒரு புல் தாள் இல்லை. மரங்களில் புள்ளிமானின் வாய் எட்டும் உயரம் வரை இலை இல்லை, கோடு போட்டதுபோல. தரையில் மான் புழுக்கையைவிட ஊர் மாட்டுச் சாணமே அதிகம். கொஞ்சம் தள்ளி ஒரு பச்சைச் சுவர். பக்கத்தில் போனால் அத்தனையும் உன்னிச்செடி. மானும் யானையும் வாய் வைக்க விரும்பாத செடி அது. அதன் அடியில் புல் முளைக்காது. இந்தியாவின் புலிக் காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் உன்னிச்செடியின் பிடிக்குள் வரக்கூடும் என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. முதுமலையில் மஞ்சள் பூக்கும் சென்னா மரமும் சேர்ந்துகொண்டது. காட்டின் உணவுத் தட்டு இப்படிச் சுருங்கும்போது நாம் குவளையை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் தாகத்தில் சாக விடலாமா என்று கேட்பார்கள். கூடாது. நாம் பறித்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ஓடையை மறித்து, மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டு, விலங்கு தவிக்கும்போது வேடிக்கை பார்ப்பது பாவம். மிகக் கடுமையான ஓர் ஆண்டில், மாற்று வழியில்லாத இடத்தில், சில வாரங்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மழை வந்ததும் நிறுத்துவதையும் நான் எதிர்க்கவில்லை. ஆண்டு முழுதும் சோலார் பம்பு ஓடும் தொட்டியைக் காட்டின் நடுவில் நிரந்தரமாக நடுவதையே எதிர்க்கிறேன். சீகூர் யானைகளுக்கு மாயாறு இருக்கிறது. அதற்குப் போகும் வழியில் விடுதியும் மின்வேலியும் நின்றதுதான் சிக்கல். தமிழக அரசு 2010-இல் அறிவித்த யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை முழுதாக நிறைவேற்றினால் யானை தானாகவே தண்ணீருக்கு நடந்து போகும். போகிற வழியெல்லாம் மேயும், ஓரிடத்தை மொட்டையடிக்காது.

வனத்துறை தொட்டிகளின் எண்ணிக்கையைச் சாதனையாக எழுதுவதை விட வேண்டும். ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் இரண்டு கிலோமீட்டருக்குப் புல் எப்படி இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். புல் தேய்ந்த இடத்தில் தொட்டியை மூட வேண்டும். உன்னிச்செடியை வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நாட்டுப் புல் வேர் பிடிக்கும்வரை நாலைந்து ஆண்டு திரும்பத் திரும்பக் களையெடுக்க வேண்டும். படம் பிடிக்க அழகில்லாத, முதுகு ஒடிக்கும் வேலை. காட்டோரக் கிராமத்து மக்களுக்குக் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

இந்தக் கோடையிலும் தண்ணீர் லாரிக்கு நன்கொடை கேட்டு உங்களிடம் யாராவது வருவார்கள். பணத்தைக் கொடுங்கள், ஆனால் உன்னிச்செடி பிடுங்கும் கூலிக்கு என்று எழுதிக் கொடுங்கள்.