எடைக்கு வாங்கிய மின்சாரம்

காயலான் கடைத் தராசுக்கு மோட்டார் என்பது இரண்டு உலோகங்கள்தான். உள்ளே செம்பு இவ்வளவு, வெளியே இரும்பு இவ்வளவு. அது எத்தனை குதிரைசக்தி, காயில் நன்றாக இருக்கிறதா, பேரிங் மட்டும் போயிருக்கிறதா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. வாளையாற்றைத் தாண்டினால் அதே கடைக்கு ஆக்ரிக் கடை என்று பெயர். பெயர் மாறினாலும் தராசு மாறுவதில்லை.

ஆனால், இந்தக் கடைகளுக்கு வருபவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. குவியலைக் கிளறி ஒரு மோட்டாரை இழுத்தெடுப்பார்கள். தண்டைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். காயில் கருகியிருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். உடைக்காமல் அப்படியே கொடுத்தால் எடைக்கு மேல் கொஞ்சம் தருவதாகப் பேரம் பேசுவார்கள். பழைய கிரைண்டர் மோட்டார், ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மர், ரிலே, கண்டென்சர் என்று பையை நிரப்பிக்கொண்டு போகும் இவர்களில் பள்ளி மாணவரும் உண்டு, ஓய்வு பெற்ற லைன்மேனும் உண்டு. புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும் பரிசோதனையைச் சில நூறு ரூபாயில் முடிக்கும் கலை இது.

கேரளத்தின் கிழக்கு எல்லை இந்தக் கலைக்கு வாகான இடம். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன கோவை. இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவதை ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937ல் உருவாக்கியது அங்கேதான். கணவாய்க்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. தெற்கே இறங்கினால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மலைக்கு ஏறும் சாலைகள். மலையில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. சமவெளியில் பழைய மோட்டார்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டும் சந்தித்தபோது என்ன நடந்தது என்பது சொல்லத்தக்க கதை. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940ல் இடுக்கி மலையில்தான் தொடங்கியது. 780 மெகாவாட் இடுக்கி மின்நிலையம் 1976ல் வந்தது. மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுத்த அந்த மாவட்டத்தில் பல மலைக் குடியிருப்புகளுக்குக் கம்பி வந்து சேரவில்லை. கேரளம் முழுவதும் மின்மயமாகிவிட்டதாக அரசு அறிவித்தது 2017 மே மாதம்தான். அதுவரை மாங்குளம் போன்ற இடங்களில் குடும்பங்கள் ஓடையில் குழாய் இறக்கி, சிறு டர்பைன் சுற்றவிட்டுத் தாங்களே விளக்கு எரித்துக்கொண்டன.

கணக்கு எளிது. விநாடிக்கு 10 லிட்டர் நீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதில் சுமார் 980 வாட் சக்தி இருக்கிறது. குழாயிலும் சக்கரத்திலும் பாதி வீணானாலும் 490 வாட் மிஞ்சும். ஒரு வீட்டின் விளக்குகளுக்கும் டி.வி.க்கும் அது தாராளம்.

இதற்கு ஜெனரேட்டர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சாதாரண இண்டக்ஷன் மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட்டலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, நான்கு துருவ மோட்டாரை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலே சுற்றவைத்து, முனைகளுக்குக் குறுக்கே சரியான அளவு கண்டென்சர் போட வேண்டும். உள்ளிரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜ் தானாக ஏறும். அந்தத் துளிக் காந்தமும் போய்விட்டால் ஒரு பேட்டரியைக் கணநேரம் தொடுத்து எடுத்தால் போதும்.

இதெல்லாம் தராசில் நிற்காத சங்கதி. இன்னொன்றும் இருக்கிறது. இரவு விளக்குகளை அணைத்துப் படுக்கிறார்கள். சுமை குறைகிறது, ஆனால் ஓடை குறைவதில்லை. சக்கரம் வெறிபிடித்துச் சுற்றும், வோல்டேஜ் எகிறும், எரிந்துகொண்டிருக்கும் ஒற்றை பல்பும் போய்விடும். அதனால் மிஞ்சும் சக்தியைத் தண்ணீரில் அமிழ்த்திய ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிட ஓர் ஏற்பாடு வேண்டும். அதை அறிந்த மெக்கானிக் கிடைத்தால் பழைய மோட்டார் ஒரு மின்நிலையம். கிடைக்காவிட்டால் ஓடைக்கரையில் கிடக்கும் இன்னொரு இரும்புத் துண்டு.

இதே எல்லைப் பகுதியில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்கு அருகே வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் மின்சாரம் தாக்கி இறந்துகிடந்தார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த மின்பொறி அவர்களைக் கொன்றது. தமிழகத்தில் 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன.

முறையான மின்வேலி யாரையும் கொல்வதற்கல்ல. அதன் எனர்ஜைசர் கருவி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தாலும் அதைத் துடிப்பாகத்தான் கொடுக்கிறது. சர்வதேச விதிப்படி ஒரு துடிப்பு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது, அதன் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது, அடுத்த துடிப்புக்கு ஒரு விநாடியாவது இடைவெளி வேண்டும். தொட்ட விலங்கு துள்ளி விலக அந்த இடைவெளிதான் அவகாசம். வீட்டு மின்சாரமான 230 வோல்ட் அவகாசம் தராது. பிடித்த கை இறுகிக்கொள்ளும். எனர்ஜைசருக்குப் பணம் வேண்டும். லைனிலிருந்து நேராகக் கொக்கி போட எடைக்கு வாங்கிய கம்பி போதும்.

தெரிந்தே கொக்கி போடுபவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். பொழுதுபோக்காகக் கருவி செய்யும் இளைஞர்களைப் பற்றித்தான் கவலை. ஓர் உதாரணம். காயலான் கடையில் மிக மலிவாகக் கிடைப்பது பழைய ஸ்டெபிலைசர். அதற்குள் நல்ல கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். டிரான்ஸ்பார்மர் வழியாக வரும் மின்சாரம் லைனோடு தொடர்பற்றது, ஆகவே பாதுகாப்பானது என்று பாடப் புத்தகத்தில் படித்த பையன் அதை நம்பிக் கை வைப்பான். ஆனால், வீட்டு ஸ்டெபிலைசரில் வழக்கமாக இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே வரும் காயிலும் வெளியே போகும் காயிலும் ஒன்றே. வோல்டேஜைக் குறைத்தாலும் லைன் அப்படியே கைக்கு வரும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரும் இதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி. தராசுக்கோ இரட்டைப் பிள்ளைகள்.

மல்டிமீட்டர் மட்டுமே பிரித்துச் சொல்லும். இன்புட் முனைக்கும் அவுட்புட் முனைக்கும் இடையே தொடர்பு காட்டினால் அது ஆட்டோ. அதைத் தொடும் கருவிக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்டென்சரிலும் இதே ஏமாற்று உண்டு. மோட்டாரைக் கிளப்பிவிட்டு விலகிக்கொள்ளும் ஸ்டார்ட் கண்டென்சரை, எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டிய இடத்தில் போட்டால் சூடாகி வெடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒரே அறிவுரைதான்: வீட்டுக்கே கொண்டு வராதீர்கள். சுமார் 2000 வோல்ட், ஆளைக் கொல்லத் தாராளமான கரண்ட்டோடு. பழைய பாகம் எதுவானாலும் முதல் தடவை சீரிஸ் பல்பு வழியாகத்தான் லைனில் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும். மின்வேலி எனர்ஜைசரை மட்டும் குவியலிலிருந்து செய்யக் கூடாது. அது தரச் சான்றோடு வாங்க வேண்டிய பொருள்.

உபரிப் பாகங்களைக் குறைத்து மதிப்பதற்கில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பெர்னார்ட் லவல் ராணுவம் கழித்த ரேடாரைக் கொண்டுதான் 1945ல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க்கில் வான் ஆய்வைத் தொடங்கினார். அங்கே 1957ல் எழுந்த பிரமாண்டத் தொலைநோக்கியைச் சாய்க்கும் பல்சக்கரங்கள் உடைக்கப்பட்ட போர்க்கப்பல்களின் பீரங்கி மேடையிலிருந்து வந்தவை. ஆனால் லவலுக்குத் தான் வாங்கியது என்னவென்று தெரியும். போர்க்காலம் முழுக்க ரேடாரில் வேலை செய்தவர் அவர்.

நம் ஊரில் அந்த அறிவைக் கடையே கொடுத்த காலம் உண்டு. 1985ல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டிலும், இன்றும் இயங்கும் ரிச்சி தெருவிலும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடந்த பேச்சில் பாதி விலை, பாதி பாடம். எல்லையோர ஆக்ரிக் கடையில் அந்தப் பாடம் சொல்ல ஆளில்லை.

அரசும் தராசையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் மறுசுழற்சிச் சான்றிதழின் கணக்கு, மீட்கப்படும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் எடை. முழுச் சாதனத்தைப் புதுப்பித்து விற்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு மோட்டாருக்கோ ரிலேக்கோ தனியாகக் கணக்கு இல்லை. நொறுக்கினால்தான் மதிப்பு.

இடையில் ஓர் அலமாரி வைக்க முடியாதா? கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கழிவு சேகரிக்கிறார்கள். எல்லையின் இரு பக்கமும் ஐ.டி.ஐ.க்களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. சேர்ந்த மின்கழிவு நொறுக்கும் ஆலைக்குப் போகும் முன் ஒரு நாள் அங்கே தங்கட்டும். மாணவர்கள் பிரித்துச் சோதிக்கட்டும். நல்ல பாகத்தில் ஒரு சீட்டு ஒட்டட்டும்: இது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், தொடும் கருவிக்கு ஆகாது, இது ரன் கண்டென்சர், இத்தனை மைக்ரோஃபாரட், இந்த மோட்டாருக்கு பேரிங் மாற்ற வேண்டும். பிறகு எடை விலைக்குச் சற்று மேலே விற்கட்டும். மாணவருக்குப் பயிற்சி, வாங்குபவருக்குப் பாதுகாப்பு, ஊருக்கு மிச்சம்.

அந்தச் சீட்டுக்கு ஆகும் செலவு சில காசுகள். அது இல்லாததற்கு ஆகும் செலவை எந்தத் தராசும் நிறுத்துக் காட்டாது.